ஃப்ரீயா விடச் சொன்னவர்கள்

ஆங்கிலத்தில் எனக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. நான் ஆங்கிலம் எடுக்கிற டீச்சர். இருபத்திரண்டு வருடமாகக் கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். அப்படிப்பட்டவள் ஒரு வார்த்தையை வெறுக்கக் கூடாது. ஆனாலும் வெறுக்கிறேன். யாராவது ‘ஃப்ரீ’ என்று வாயைத் திறந்தால் எனக்கு உச்சந்தலை சூடேறுகிறது.

அகராதியில் அதற்குப் பத்தி பத்தியாக அர்த்தம் போட்டிருக்கிறான். நம் ஊர்க்காரர்கள் அகராதியைக் கேட்டுக்கொண்டா பேசுகிறார்கள்? ரவிக்கை தைக்கிற அக்கா, “கையைக் கொஞ்சம் ஃப்ரீயா வைக்கட்டுமா டீச்சர்?” என்கிறாள். நான் குண்டாகிவிட்டேன் என்பதை அவள் மரியாதையாகச் சொல்லும் விதம் அது. டாக்டர் தலையை நிமிர்த்தாமல், “மோஷன் ஃப்ரீயா போகுதா?” என்கிறார். சைக்கிள் கடைக்காரர் பெடலைக் கையால் சுற்றிவிட்டு, “ஃப்ரீயா சுத்துது, செயின் பிடிக்கல” என்று உதட்டைப் பிதுக்குகிறார். கல்யாண மண்டபத்தில் எல்லாப் பெண்பிள்ளைகளும் ஃப்ரீ ஹேர். பந்தியில் என் இலையில் கிடந்த நீள முடி எந்தப் பிள்ளையுடையது என்று நான் கேட்கவில்லை, ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டேன். வகுப்புக்குள் நான் நுழையும்போது முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: “மிஸ், இன்னைக்கு ஃப்ரீ பீரியட்னு சொன்னாங்களே?” சொன்னவர்கள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. எனக்குப் பகை வேறு இரண்டு வாக்கியங்களோடு. ஒன்று, “ஃப்ரீ ஆனதும் வாரேன்.” இன்னொன்று, “ஃப்ரீயா விடு.” முதலாவதைச் சொன்னவர் என் கணவரின் தம்பி, அதாவது என் கொழுந்தன். இரண்டாவதைச் சொன்னவர் என் கணவர். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் நாலு ஏக்கர் கரிசல் புஞ்சை கிடந்தது.

புஞ்சை, பசுவந்தனைக்குப் போகிற வழியில் என் கணவரின் ஊரில் இருக்கிறது. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது ரோட்டை ஒட்டிய நாலு ஏக்கர் எங்களுக்கும், அதற்குப் பின்னால் இருக்கிற ஐந்து ஏக்கர் கொழுந்தனுக்கும் வந்தது. என் கணவர் கோவில்பட்டியில் ஜவுளிக்கடை ஒன்றில் சூப்பர்வைசர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு நூல் பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுவார். மண்ணில் கால் வைத்து வருடக்கணக்காகிறது. விவசாயம் பார்த்ததெல்லாம் நான்தான். சனி, ஞாயிறு, பள்ளி லீவு நாள் எல்லாம் எனக்குப் புஞ்சைதான். வீட்டில் ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டும், பள்ளியில் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். அங்கே போனால் மணியடிக்க ஆள் இல்லை. அந்த நிலத்தின் மேல் எனக்கு இருந்தது ஆசைதான், வேறு பெரிய காரணம் எதையும் நான் ஜோடிக்க விரும்பவில்லை.

என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் கடையில் யாரோ, “என்ன, டீச்சரம்மா கால்ல கரிசலோட பஸ்ல வாராவ?” என்று கேட்டுவிட்டார்களாம். அன்றிலிருந்து, “போட்டது போதும், தம்பி உழுதுக்கிடட்டும்” என்று ஆரம்பித்தார். நான் ஒப்பவில்லை. கடைசியில் வீட்டுக்குள் ஒரு பேச்சு ஆனது. தொடர்ந்து இரண்டு வருடம் நிலம் விதைக்காமல் கிடந்தால் நானே தம்பி கையில் விட்டுவிட வேண்டும். நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். எந்த வருடம் நான் விதைக்காமல் விட்டேன், இனிமேல் விட?

எங்கள் பக்கத்தில் வானம் பார்த்த விதைப்பு. புரட்டாசியில் மழை இறங்குவதற்குள் காய்ந்த மண்ணிலேயே விதையைப் போட்டுவிட வேண்டும். மழை விழுந்துவிட்டால் கரிசல் காலைக் கவ்வும். டிராக்டர் இறங்கினால் அச்சு வரை புதையும். அடைமழை பிடித்தால் கார்த்திகை வரை புஞ்சைக்குள் போக முடியாது, விதைக்கிற பட்டம் தப்பிவிடும். அந்தப் பத்துப் பதினைந்து நாளில் டிராக்டர் வைத்திருப்பவர்தான் சாமி.

எங்கள் குடும்பத்தில் டிராக்டர் வைத்திருந்தவர் கொழுந்தன்.

அந்தப் புரட்டாசியில் உளுந்து விதை வாங்கி, மருந்து கலந்து, நிழலில் காயவைத்து எடுத்து வைத்திருந்தேன். மூட்டையைத் தோளில் சுமந்து வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டவர் என் கணவர்தான். ஏதோ மனம் மாறிவிட்டது மனிதருக்கு என்று நினைத்தேன். கொழுந்தனுக்கு போன் போட்டேன்.

“இந்தா, ரெண்டு நாளு மதினி. மேக்கால ஒரு காடு பாக்கி கெடக்கு. ஃப்ரீ ஆனதும் வாரேன்.”

இரண்டு நாள் கழித்து மறுபடியும் போட்டேன். “கலப்பையில போல்ட் ஒண்ணு ஃப்ரீ ஆயிட்டு மதினி, மாத்திட்டு வாரேன்” என்றார். அதற்கு இரண்டு நாள் கழித்து போன் எடுக்கவில்லை. நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்கே போனேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாதல்லவா, கண்டக்டர், “ஃப்ரீயா ஏறுதவிய எல்லாம் உள்ள தள்ளிப் போங்க, படியில நிக்காதீங்க” என்று கத்தினார். நான் உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் என்னைத்தான் சொல்கிறார் என்று பட்டது. அன்றைக்கு எனக்கு எல்லாமே என்னைச் சொன்னதாகத்தான் பட்டது.

கொழுந்தனின் டிராக்டர் வீட்டு வாசலில் நின்றது. விதை போடுகிற கலப்பை பின்னால் மாட்டியபடியே இருந்தது. ஆள் இல்லை. அவர் மனைவி, “அவிய வெளிய போயிருக்காவ அக்கா” என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் முற்றம் பெருக்கினாள்.

வேறு டிராக்டர் கூப்பிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். கூப்பிட்டேன். ஊரில் இன்னும் மூன்று பேரிடம் டிராக்டர் இருந்தது. மூன்று பேரும் சொல்லி வைத்தாற்போல ஒரே பதில். கடைசி ஆள் டீக்கடை பெஞ்சில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விளக்கமாகவே சொன்னார்: “டீச்சர், சொந்தத் தம்பி வண்டி வாசல்ல நிக்கையில நாங்க உங்க காட்டுல எறங்குனா என்ன அர்த்தம்? அண்ணந்தம்பிக்குள்ள அத்துப்போச்சுன்னு ஊரே பேசும். அவிய மூஞ்சியில நாங்க எப்படி முழிக்க? அவிய ஒரு வார்த்த சொல்லட்டும், நான் இன்னைக்கே எறங்குதேன்.” எங்கள் ஊரில் இது எழுதாத சட்டம். பங்காளி டிராக்டர் வைத்திருந்தால், அவர் சொல்லாமல் அடுத்தவர் சக்கரம் அந்த வரப்பைத் தாண்டாது.

மறுநாள் மத்தியானம் ஐந்தாம் வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது மழை இறங்கியது. பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மழை அப்படியே பிடித்துக்கொண்டது. மருந்து கலந்த உளுந்து இட்லிக்குக்கூட ஆகாது. அந்த வருடம் நாலு ஏக்கரும் தரிசு. வேலிக்கருவை அங்கங்கே முளைத்தது. தை மாதம் கொழுந்தன் தன் அறுவடையை எங்கள் புஞ்சை வழியாகவே, நட்ட நடுவில் சக்கரத் தடம் பதிய, ஏற்றிக்கொண்டு போனார்.

வீட்டில் நான் கத்தாத கத்தல் இல்லை. என் கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “ஏட்டி, ஒரு வருசம் போனா போகுது. ஃப்ரீயா விடு. மனச ஃப்ரீயா வச்சுக்கோ.”

அன்றைக்கு முடிவு செய்தேன், விடக் கூடாது என்று. ஒரு வருடம் போய்விட்டது. அடுத்த வருடமும் விதைக்காவிட்டால் பேசிய பேச்சுப்படி நிலம் கொழுந்தனுக்குப் போகும். அதற்காகத்தான் டிராக்டரை நிறுத்தி வைத்தார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பஸ்ஸில் போகும்போது, பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது, அரிசி களையும்போது அந்த மனிதரை என்ன செய்வது என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க எனக்குத் தெம்பு வந்தது. கோபத்தில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கொழுந்தனின் ஐந்து ஏக்கருக்கு ரோட்டிலிருந்து தனிப்பாதை கிடையாது. எங்கள் புஞ்சையின் வடக்கு ஓரத்தில் ஒரு வண்டி அகலத்துக்கு மண் விட்டிருப்போம், அதுதான் அவருக்கு வழி. பத்திரத்தில் இல்லை, நாங்களாக விட்டது.

அடுத்த புரட்டாசி வந்தது. எங்கள் பள்ளி வேன் ஓட்டுகிறவருக்குக் கழுகுமலையில் ஒரு மச்சினன், சொந்தமாக டிராக்டர் வைத்திருந்தார். எங்கள் ஊர்ப் பங்காளிச் சட்டம் கழுகுமலைக்காரரைக் கட்டாது. நான் அவசரப்படவில்லை. கொழுந்தன் தன் ஐந்து ஏக்கரிலும் மக்காச்சோளம் விதைத்து முடித்து, டிராக்டரை வெளியே கொண்டுவரும் வரை காத்திருந்தேன். நாலாம் நாள் காலை கழுகுமலை டிராக்டர் எங்கள் புஞ்சையில் இறங்கியது.

“ஓரத்துல பாத விட்டு உழணுமாக்கா?” என்று கேட்டார் ஓட்டி வந்தவர்.

“விட வேண்டாம். வரப்பை ஒட்டி உழுங்க.”

உழுத சாலில் பெண்கள் பருத்தி விதை போட்டு வந்தார்கள். ஏன் பருத்தி என்றால், மக்காச்சோளம் தையில் முற்றி மாசியில் வீடு போய்ச் சேர்ந்தாக வேண்டும். பருத்தி சித்திரை வரை புஞ்சையில் நிற்கும். அவர் கதிர் எடுக்க டிராக்டரும் மெஷினும் உள்ளே கொண்டுபோகிற நாளில் என் பருத்தி வெடித்துக்கொண்டு பாதையில் நிற்க வேண்டும். கணக்கு வாத்தியார்கூட இவ்வளவு சுத்தமாகப் போட்டிருக்க மாட்டார்.

பருத்தி ஐப்பசியில் நாலு இலை விட்டது. கொழுந்தன் வந்து வரப்பில் நின்று பார்த்தார். நான் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

“மதினி, பாதையில பருத்தி நிக்குது.”

“நிக்கட்டும்.”

சண்டைக்கு வருவார் என்று இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்போடு திரும்பிப் போய்விட்டார். திமிரைப் பார் என்று நினைத்தேன்.

மாசியில் நான் நினைத்தது நினைத்தபடி வந்தது. மக்காச்சோளம் காய்ந்து நின்றது. கதிரை ஒடித்து அவர் புஞ்சையிலேயே குவித்துவிட்டார்கள். உதிர்க்கிற மெஷின் ரோட்டில் நின்றது. அன்று ஞாயிற்றுக்கிழமை, கிழக்கே மேகம் கறுத்தது. அந்தக் குவியல் நனைந்தால் பூசணம் பிடித்துவிடும், ஒருவரும் வாங்க மாட்டார்கள். நான் முதல் எடுப்புப் பருத்தியை மடியில் கட்டிக்கொண்டு, ஒரு மணி நேரமாக அந்த மேகத்தையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்து அனுபவித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அனுபவித்தேன். ஊரில் இரண்டு பெரிய மனுசர்கள் வந்து, “ஃப்ரீயா விடுங்க டீச்சர், சொந்தத்துக்குள்ள” என்றார்கள். அந்தப் புரட்டாசியில் இவர்கள் எங்கே போயிருந்தார்கள் என்று கேட்டேன். போய்விட்டார்கள்.

கொழுந்தன் என்னிடம் கேட்கவே இல்லை. எட்டுப் பெண்களைக் கூப்பிட்டுக் கதிரைச் சாக்கில் கட்டித் தலைச்சுமையாகச் சுமக்கவிட்டார். ஒற்றைக் காலடி அகலமுள்ள வரப்பில், நாலு ஏக்கர் நீளத்துக்கு, ரோடு வரை. இதை நான் யோசித்திருக்கவில்லை. என் கணக்கில் அவர்தான் சுமந்தார். அவர்களில் ஒருத்தி எனக்குப் பருத்தி விதை போட்டவள். நாலாவது நடையில் என் பக்கத்தில் வந்தபோது கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். சாக்கு சரிந்து கதிர் உருண்டது. தலையிலிருந்த சும்மாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“டீச்சர், சண்ட உங்களுக்கும் அவியளுக்கும். கழுத்து எங்களுதுல்லா ஒடியுது.”

எனக்கு முகம் எரிந்தது. ஆனால் இறங்கிவர மனமில்லை. நேராக ரோட்டுக்குப் போனேன். கொழுந்தன் டிராக்டரில் சாய்ந்து நின்றார்.

“பாத தாரேன். இத்தன பேருக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லுங்க. முந்துன வருசப் புரட்டாசியில வேணும்னுதானே வராம இருந்தீங்க?”

அவர் சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினார்.

“சொல்லுங்க. நெலத்த எடுத்துக்கிடத்தானே?”

“எனக்கு எதுக்கு மதினி உங்க நெலம்? இருக்கத உழவே ஆள் இல்ல.”

“பெறகு என்ன? ஃப்ரீ ஆகலியோ?”

“அண்ணன்கிட்ட கேளுங்க.”

“உங்கட்டதான் கேக்கேன்.”

அவர் பெண்களைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். குரல் எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இறங்கியது. “அண்ணன்தான் போகாதேன்னான். ‘ஒரு வருசம் தரிசாப் போட்டுட்டா அவளுக்கே சடைச்சிப்போகும், பெறகு வீட்டோட இருப்பா’ன்னான். மத்த வண்டிக்காரவியட்டயும் என்னையவே சொல்லச் சொன்னான். நான் கலப்பைய மாட்டி வச்சிக்கிட்டு மூணு நாளு வாசல்ல உக்காந்திருந்தேன் மதினி. நீங்க வந்த அன்னைக்கு வீட்டுக்குள்ளதான் இருந்தேன்.”

“இத ஏன் இம்புட்டு நாளா சொல்லல?”

“கூடப் பொறந்தவனை எப்படிக் காட்டிக்கொடுக்க?”

ஒன்றரை வருடம் என் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, பாதையையும் இழந்துவிட்டு நின்ற மனிதர் அவர். அவரை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அண்ணன் சொன்னால் தம்பி செய்துவிடுவதா? ஆனால் அன்றைக்கு எனக்கு அவர் மேல் ஒன்றும் தோன்றவில்லை. இவ்வளவு நாள் சுமந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் வடக்கு ஓரத்துக்குப் போய்ப் பருத்திச் செடியைப் பிடுங்க ஆரம்பித்தேன். வெடித்த காயும் வெடிக்காத காயுமாக, வேரோடு. கீழே உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து கூடப் பிடுங்கினாள். மற்ற பெண்களும் வந்தார்கள். மெஷின் உள்ளே போனது. மழை பெய்யவில்லை, மேகம் அப்படியே நாகலாபுரம் பக்கம் ஒதுங்கிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். என் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். என் கையில் செடிக்கறை கறுத்துப்போயிருந்ததைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தம்பி சொன்னதை நானும் அவரிடம் சொல்லவில்லை. சாப்பாடு போட்டுவிட்டுச் சொன்னேன்:

“அடுத்த ஞாயித்துக்கெழம பருத்தி எடுக்கணும். ஆள் பத்தல. நீங்களும் வாரீங்க.”

பருத்தி வெயில் ஏறுவதற்குள் எடுக்க வேண்டும். முதல் பஸ்ஸுக்கே கிளம்பினோம். அவருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும், எனக்கு வேண்டாம். அவர் வெள்ளைச் சட்டையில்தான் வந்தார். நானும் மாற்றச் சொல்லவில்லை. கொழுந்தன் வரப்பில் நின்று அண்ணனைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பி நடந்தார். வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். காய்ந்த பருத்திக் காயின் தோடு கிழித்து முதல் நாளே என் கணவரின் விரல் நுனியெல்லாம் ரத்தம் கட்டியது. அவர் எடுத்த பருத்தியில் பாதி சருகு. “தூசி இல்லாம எடுங்க” என்று திருப்பிக் கொட்டினேன். குனிந்து மறுபடியும் எடுத்தார்.

இது நாலாவது ஞாயிறு. முதுகு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறார். கடையில் யாரோ கையைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார்களாம். சித்திரை முடியும் வரை கூட்டிக்கொண்டு போவேன், புரட்டாசியில் விதை போடவும் கூட்டிக்கொண்டு போவேன். சண்டை போடுவார், கடையில் லீவு இல்லை என்பார், உடம்பு முடியவில்லை என்பார் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் எதிர்பார்க்கிறேன். சொன்ன நேரத்துக்கு எழுந்து, குளித்து, பஸ் ஸ்டாண்டுக்கு எனக்கு முன்னால் நடக்கிறார். என்னை ஏன் இப்படி இழுத்துக்கொண்டு வருகிறாய் என்று இந்த நாலு வாரத்தில் ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை. தம்பி சொன்னது பொய்யாக இருக்கக் கூடாதா என்று எனக்குள் கொஞ்சம் நப்பாசை மிச்சம் இருந்தது. அவர் கேட்காமல் கேட்காமல் அதுவும் போய்விட்டது.